ஆக்லாந்து வீட்டுவசதி ஆய்வுகள்: வாங்கும் விலையும் வாழும் செலவும்

சாதாரண வருமானம் உள்ள ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வீடு, பல பத்தாண்டுகள் நலமாகக் குடியிருக்கத் தக்க வீடாகவும் இருக்க முடியுமா? ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகத் தமது மாநாடுகளில் விவாதித்து வருகிறார்கள். அந்த வரிசையில் ஐந்தாவதான ஆஸ்திரலாசிய வீட்டுவசதி ஆய்வாளர் மாநாடு 2010ஆம் ஆண்டு நவம்பர் 17 முதல் 19 வரை ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது.

மாநாடு கூடிய காலமும் குறிப்பிடத்தக்கது. அதற்குச் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன்னர், நவம்பர் 1ஆம் தேதி, ஆக்லாந்தின் எட்டு உள்ளாட்சி அமைப்புகள் கலைக்கப்பட்டு, ஒரே மாநகர நிர்வாகம் உருவாக்கப்பட்டிருந்தது. நகரம் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்துக்கு, யாருக்காக வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு முதல் முறையாக ஒரே அவையின் கைக்கு வந்திருந்தது.

மாநாடு நகர மையத்தில் நடந்தது. ஆனால் இத்தகைய மாநாடுகளில் பேசப்படும் பிரச்சினைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் காண விரும்புபவர், அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், நகரின் வடமேற்கு விளிம்பில் உள்ள வெஸ்ட்கேட்டுக்குச் செல்ல வேண்டும்.

வயல்வெளி நகரமான கதை

இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் அமைந்த வெஸ்ட்கேட்டில் 1990களின் இறுதியில் முதல் வணிக வளாகம் வந்தது. 2015இல் அதனருகே மேலும் பெரிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. சுற்றியிருந்த பண்ணை நிலங்களும் பழத்தோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மனை நிலங்களாக மாறின. 2019இல் டெ மனாவா என்ற மாவோரிப் பெயருடன் நூலகமும் சமூகக் கூடமும் இணைந்த கட்டடம் ஒன்று மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது.

2010 வரை இப்பகுதி வைட்டாக்கரே நகரசபையின் கீழ் இருந்தது. 1992ஆம் ஆண்டின் ரியோ பூமி உச்சி மாநாட்டைத் தொடர்ந்து, 1993இல் தன்னை ஒரு "சூழல் நகரம்" என்று அறிவித்துக்கொண்ட நகரசபை அது. எனவே, வீட்டைக் குறைந்த விலையில் கட்டுவதும் இயற்கைக்குக் கேடின்றிக் கட்டுவதும் ஒருங்கே இயலுமா என்ற சோதனை இங்கு பெயரளவிலானதாக இருக்கவில்லை.

அவற்றுள் ஒன்று, பீக்கன் பாத்வே என்ற ஆய்வுக் கூட்டமைப்பு 2005இல் நியூ லின் பகுதியில் கட்டிய "நௌ ஹோம்" என்ற வீடு. எதிர்கால விஞ்ஞானத்தை நம்பாமல், அன்றைய சந்தையில் எவரும் வாங்கக் கூடிய பொருட்களைக் கொண்டே ஒரு நல்ல வீட்டைக் கட்ட முடியும் என்று காட்டுவதே அதன் நோக்கம். தென்கோளத்தில் சூரியன் வடதிசையில் சாய்ந்து செல்வதால், வீட்டின் முக்கிய அறைகள் வடக்கு நோக்கி அமைக்கப்பட்டன. பகலில் வெப்பத்தை உள்வாங்கி இரவில் வெளியிடும் கொங்கிரீட் தளம், இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள், சூரிய வெப்பத்தில் நீர் சூடாக்கும் சாதனம், மழைநீர்த் தொட்டி ஆகியன பொருத்தப்பட்டன. பின்னர் ஒரு குடும்பம் வாடகைக்குக் குடியமர்த்தப்பட்டு, மின்சாரம், நீர், உள்வெப்பநிலை ஆகியன தொடர்ந்து அளவிடப்பட்டன. குளிர்காலத்திலும் அந்த வீட்டுக்கு வெப்பமூட்டியின் தேவை குறைவாகவே இருந்தது.

எனினும், ஒரு நல்ல வீட்டைக் கட்டிக் காட்டுவது வேறு, ஆயிரக்கணக்கான வீடுகளை அதேபோலக் கட்ட வைப்பது வேறு. ஆய்வாளர்கள் எதிர்கொண்ட உண்மையான தடை அதுவே.

இரண்டு கணக்குகள்

"கட்டுப்படியாகும் விலை" என்பதற்குப் பொதுவாக இரண்டு அளவுகோல்கள் பயன்படுத்தப்படுகின்றன. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குச் செலவாகக் கூடாது என்பது ஒன்று. வீட்டின் விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது அளவுகோலைப் பயன்படுத்தும் ஒரு சர்வதேச ஒப்பீட்டில், ஆக்லாந்தின் நிலை 2021இல் 11 மடங்கைத் தாண்டியது. அதன் பின்னர் விலைகள் இறங்கியபோதிலும், மூன்று மடங்கு என்ற இலக்கு எட்டாத தூரத்திலேயே இருந்தது.

ஆனால் இந்த அளவுகோல்கள் வீட்டை வாங்கும் நாளின் கணக்கை மட்டுமே சொல்கின்றன. வீட்டில் வாழும் காலத்தின் கணக்கு வேறு. வேலைக்குச் சென்று திரும்பும் செலவு, குளிரை விரட்டும் மின்கட்டணம், ஈரத்தால் வரும் நோய், சுவர் பழுதானால் ஏற்படும் செலவு, வெள்ளம் புகுந்தால் நேரும் இழப்பு ஆகியவை எந்த விற்பனை விளம்பரத்திலும் இடம்பெறுவதில்லை. முதல் கணக்கைக் குறைப்பதற்காக எடுக்கப்படும் முடிவுகள் பல வேளைகளில் இரண்டாவது கணக்கைக் கூட்டிவிடுகின்றன. அதைச் செலுத்துபவர்களோ பெரும்பாலும் குறைந்த வருமானக் குடும்பங்கள்.

வெஸ்ட்கேட்டின் போக்குவரத்து இதற்கு எளிய சான்று. நகர விளிம்பில் நிலம் ஒப்பீட்டளவில் மலிவு. ஆனால் பல ஆண்டுகள் வரை வீடுகள் முதலில் வந்தன, பொதுப் போக்குவரத்து பின்தங்கியது. வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு கார் என்பது பல குடும்பங்களில் தவிர்க்க முடியாததாயிற்று. வெஸ்ட்கேட்டையும் நகர மையத்தையும் நெடுஞ்சாலை வழியாக அடிக்கடி இணைக்கும் விரைவுப் பேருந்துச் சேவை 2023ஆம் ஆண்டு நவம்பரில்தான் தொடங்கியது.

மலிவின் விலை

கட்டும்போது மிச்சம் பிடித்து, பின்னர் பல மடங்கு செலவிட்ட கசப்பான அனுபவம் நியூசிலாந்துக்கு உண்டு. 1990களில் கட்டட விதிமுறைகள் தளர்த்தப்பட்டன. பூச்சிகளும் பூஞ்சையும் அரிக்காதபடி பதப்படுத்தப்படாத மரச்சட்டங்களை வீடுகளில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. கூரை இறவாரம் இல்லாத, வெளிச்சுவர் முழுதும் பூசப்பட்ட வீடுகள் நாகரிகமாயின. மழை அதிகம் பெய்யும் நாட்டில், சுவருக்குள் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி, மரச்சட்டங்கள் உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போயின.

2002இல் டொன் ஹன் தலைமையிலான குழு இந்தப் பாதிப்பின் பரிமாணத்தை அரசுக்கு எடுத்துரைத்தது. பாதிக்கப்பட்ட வீடுகள் சுமார் 42,000 இருக்கலாம் என்றும், சீர்செய்ய ஏறக்குறைய 1,130 கோடி நியூசிலாந்து டாலர்கள் தேவைப்படலாம் என்றும் 2009இல் அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட மதிப்பீடு ஒன்று கூறியது. கட்டியவர்களின் நிறுவனங்கள் பல அதற்குள் கலைக்கப்பட்டிருந்ததால், சுமையின் பெரும்பகுதி வீட்டுச் சொந்தக்காரர்கள் மீதும் உள்ளாட்சி அமைப்புகள் மீதும் விழுந்தது. வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்கள் பல.

இந்த விவகாரத்தில் ஆய்வு, சேதம் நிகழ்ந்த பின்னரே பேசியது. ஆனால் முன்கூட்டியே பேசிக் கேட்கப்பட்ட சந்தர்ப்பமும் உண்டு.

ஆய்வு சட்டமான வரலாறு

நியூசிலாந்தில் புதிய வீடுகளுக்கு வெப்பக்காப்பு 1978இல்தான் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், குளிர்காலத்தில் உள்ளே உள்ள வெப்பநிலை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 18 பாகை செல்சியஸை எட்டுவதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களே இத்தகைய வீடுகளில் அதிகம் வாழ்ந்தன.

ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஃபிலிப்பா ஹவ்டன்-சாப்மன் தலைமையிலான குழு, ஏழு பகுதிகளில் 1,350 வீடுகளைத் தெரிவு செய்து ஓர் ஆய்வை நடத்தியது. அவற்றில் பாதி வீடுகளுக்கு முதலிலும், மீதி வீடுகளுக்கு ஆய்வு முடிந்த பின்னரும் வெப்பக்காப்பு பொருத்தப்பட்டது. 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியான முடிவுகளின்படி, வெப்பக்காப்புப் பெற்ற வீடுகளில் எரிசக்திச் செலவு குறைந்தது. மூச்சிரைப்பு குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் செல்லாமல் இருந்த நாட்களும் குறைந்தன.

முடிவுகள் பணக் கணக்காகவும் மாற்றிக் காட்டப்பட்டமையே அவை அரசைச் சென்றடையக் காரணம் என்று கூறலாம். 2009இல் பழைய வீடுகளுக்கு வெப்பக்காப்புப் பொருத்த மானியம் வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. வெப்பக்காப்புக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஏறத்தாழ 4 டாலர் பலன் கிடைத்ததாகப் பின்னர் நடந்த மதிப்பாய்வு தெரிவித்தது. 2019 ஜூலை முதல் வாடகை வீடுகளுக்கும் வெப்பக்காப்பு கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஆரோக்கிய வீட்டுத் தரநிலைகள், பிரதான அறையை 18 பாகை வரை சூடாக்கும் வசதியைப் படிப்படியாக வாடகை வீடுகளுக்குக் கட்டாயமாக்கின.

அதேவேளை, பணி முடிந்துவிட்டதாகக் கருத இடமில்லை. 2018ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில் ஈரப்பதப் பிரச்சினை இருந்தது.

நிலமா, வீடா?

வீடுகள் ஏன் விலை உயர்ந்தன என்ற கேள்வியில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. ஒரு தரப்பினர், ஒரு மனையில் ஒரு வீடு மட்டுமே கட்டலாம் என்ற பழைய நிலப் பயன்பாட்டு விதிகளையே காரணமாகக் காட்டினர். 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஆக்லாந்து ஒருங்கிணைந்த திட்டம், நகரின் குடியிருப்பு நிலத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கில் முன்னிலும் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தது. 2010இல் 4,000ஐக் கூட எட்டாத ஆண்டு கட்டட அனுமதிகள், 2021இல் 20,000ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பங்கு சுவர் ஒட்டிய தொடர் வீடுகள்.

ஆக்லாந்து பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரயன் கிரீனவே-மக்கிரேவியின் ஆய்வுகள், இந்த மாற்றம் நிகழாதிருந்தால் மூன்று படுக்கையறை வீடுகளின் வாடகை எந்த அளவில் இருந்திருக்குமோ, அதனை விட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக உள்ளது என்று மதிப்பிட்டன. மறுபுறம் கெமரன் மரே, டிம் ஹெல்ம் ஆகிய பொருளியலாளர்கள், அந்தக் கணிப்பின் முறையையே 2023இல் கேள்விக்குட்படுத்தினர். வட்டி வீதமும் சந்தைச் சுழற்சியும் இந்த ஏற்றத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களைப் போன்றவர்களின் வாதம்.

அரசே நேரடியாகக் கட்ட வேண்டும் என்பது மூன்றாவது தரப்பு. இது நியூசிலாந்துக்குப் புதிதல்ல. முதலாவது தொழிற்கட்சி அரசின் முதலாவது அரச வீடு 1937இல் வெலிங்டனின் மிராமார் பகுதியில் கையளிக்கப்பட்டபோது, பிரதமர் மைக்கேல் ஜோசஃப் சாவேஜ் தாமே ஒரு மேசையைச் சுமந்து உள்ளே வைத்தார். ஆனால் 2018இல் தொடங்கப்பட்ட கிவிபில்ட் திட்டம், பத்தாண்டுகளில் 1,00,000 வீடுகள் என்ற இலக்கை 2019 செப்டம்பரில் கைவிட நேர்ந்தது. ஆக்லாந்தில் மூன்று படுக்கையறை வீட்டுக்கு அது விதித்த உச்ச விலை 6,50,000 டாலர். அந்த விலையே பல குடும்பங்களுக்கு எட்டாதது என்ற விமர்சனம் எழுந்தது.

வெஸ்ட்கேட்டுக்கு அருகே, முன்னாள் விமானப்படைத் தளமான ஹொப்சன்வில் பாயின்ட்டில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. அரச நிறுவனம் ஒன்றின் மூலம் திட்டமிடப்பட்ட இந்தக் குடியிருப்பில் நடைபாதை, பள்ளி, படகுச் சேவை ஆகியன வீடுகளோடு சேர்ந்தே வந்தன. வீடுகளில் ஒரு பகுதி, விலை வரம்புக்கு உட்பட்டு, சாதாரண வருமானம் உள்ளவர்களுக்காக ஒதுக்கப்பட்டது. ஆயினும், தொடக்கத் திட்டத்தில் இருந்த அரச வாடகை வீடுகள் 2008ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின்னர் கைவிடப்பட்டன. நல்ல திட்டமிடலின் பலன் வாங்கும் வசதி படைத்தவர்களைச் சென்றடைந்தது, வாடகையையே நம்பியிருக்கும் ஏழைகளை அந்த அளவுக்குச் சென்றடையவில்லை என்பது இதிலிருந்து தெரியவருகிறது.

மழை நடத்திய தேர்வு

2023 ஜனவரி 27ஆம் தேதி ஆக்லாந்தில் வரலாறு காணாத மழை கொட்டியது. நான்கு பேர் உயிரிழந்தனர். மேற்கு ஆக்லாந்தின் ராநுயி, ஹெண்டர்சன், ஸ்வான்சன் உள்ளிட்ட பகுதிகளில் நீரோடைகளை ஒட்டிய வீடுகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. உயிராபத்து உள்ளவை என வகைப்படுத்தப்பட்ட வீடுகளை அரசும் மாநகர சபையும் சேர்ந்து விலைக்கு வாங்கி அகற்றும் திட்டம் பின்னர் வந்தது. வீட்டுத் தட்டுப்பாடு நிலவும் நகரம், இருக்கும் வீடுகளையே காசு கொடுத்து அகற்ற வேண்டிய நிலைக்கு வந்தது.

இதற்கு மாற்றான அணுகுமுறையும் வெஸ்ட்கேட்டிலேயே இருக்கிறது. கோபுபாகா என்ற பூங்கா, புதிய நகர்ப்பகுதியில் இருந்து வழியும் மழைநீரைத் தாங்கி, தேக்கி, வடிகட்டுவதற்காகவே அமைக்கப்பட்டது. நீரோடையின் வளைவுகளைக் குழாய்க்குள் அடைக்காமல், சதுப்புக் குளங்களாக விரித்து, நடைபாதைகளோடு இணைத்தனர். 2016இல் உலகக் கட்டடக்கலை விழாவில் சிறந்த நிலவடிவமைப்புக்கான விருது அதற்குக் கிடைத்தது. அந்த நிலத்தில் வீடு கட்டியிருந்தால் விற்பனை வருமானம் கூடியிருக்கும். கட்டாமல் விட்டதன் ஆதாயம் பெருமழை பெய்யும் நாளில்தான் தெரியும்.

தமிழர் பகுதிகளின் அனுபவம்

இந்த இரண்டு கணக்குகளின் முரண்பாடு தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. சென்னையில் குடிசைப் பகுதிகளில் இருந்து அகற்றப்பட்டவர்களுக்கு 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களிலும் அடுக்குமாடி வீடுகள் வழங்கப்பட்டன. கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சென்றுவந்த இடங்களோ நகருக்குள், பல கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கரேன் கொயெல்யோ உள்ளிட்டோர் கண்ணகி நகரில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தூரம் குடும்பங்களின் பிழைப்பை எவ்வாறு பாதித்தது என்பதை ஆவணப்படுத்தியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இப்பகுதிகளை 2015 டிசம்பர் வெள்ளமும் சூழ்ந்தது. 2022இல் முன்வார்ப்புக் கொங்கிரீட் தொழில்நுட்பத்தில் 1,152 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டதும் பெரும்பாக்கத்தில்தான். கட்டும் முறை புதிதானது. இருப்பிடம் குறித்த பழைய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இலங்கையின் வடக்கு கிழக்கில் வேறொரு பாடம் கிடைத்தது. போருக்குப் பின்னர், இந்திய அரசின் உதவித் திட்டத்தில் பயனாளிகள் பணத்தைத் தவணைகளாகப் பெற்றுத் தமது வீட்டைத் தாமே கட்டினர். பின்னர், 2015-16 காலத்தில், 65,000 உருக்கு வீடுகளை வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தும் யோசனை முன்வைக்கப்பட்டது. வீடு ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாவுக்கும் அதிகமாகச் செலவாகும் என்று கூறப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் அதனை எதிர்த்தனர். வெப்பம், ஆயுள், பழுதுபார்க்கும் வசதி, உள்ளூர் மேசன்மாருக்குக் கிடைக்கும் வேலை ஆகியவற்றைக் கணக்கிட்டால், இதில் ஏறக்குறைய பாதிச் செலவில் கல்வீடு கட்டலாம் என்று அவர்கள் வாதிட்டனர். பாராளுமன்ற உறுப்பினர்களும் மக்களும் அந்த வாதத்தைக் கையிலெடுத்தனர். இறுதியில் அந்த யோசனை நிறைவேறவில்லை.

ஆய்வின் ஆயுள்

ஆக்லாந்தின் அனுபவத்தில் இருந்து ஒன்று தெளிவாகிறது. வீட்டின் இரண்டாவது கணக்கை விற்பவர் எழுதுவதில்லை, வாங்குபவரால் முன்கூட்டியே எழுத முடிவதில்லை. நீண்ட காலம் அளந்து பார்ப்பவர்கள் மட்டுமே அதை எழுத முடியும். வெப்பக்காப்பு விவகாரத்தில் அந்தக் கணக்கு உரிய நேரத்தில் அரசின் மேசைக்கு வந்தது. நீர்க்கசிவு விவகாரத்தில் தாமதமாக வந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பாகவும் உடல்நலமாகவும் வெளிப்பட்டது.

அப்படியிருந்தும் இந்த ஆய்வுக்கான ஏற்பாடுகள் நிலையாக இருக்கவில்லை. நியூசிலாந்து 2003இல் அமைத்த வீட்டுவசதி ஆய்வு மையம் ஏறக்குறைய பத்தாண்டுகளே இயங்கியது. அதன் பின்னர் வீடுகள், ஊர்கள், நகரங்கள் குறித்து உருவாக்கப்பட்ட தேசிய அறிவியல் திட்டமும் 2024இல் முடிவுக்கு வந்தது. வெஸ்ட்கேட்டில் வீடு வாங்கும் ஓர் இளம் தம்பதி எடுக்கும் கடனின் காலம் பொதுவாக 30 ஆண்டுகள். அந்தக் கடன் அடைபடும் வரை அந்த வீடு எப்படி இருக்கிறது, அதில் வாழ்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து கவனிக்கும் அளவுக்கு ஆயுள் கொண்ட ஆய்வு அமைப்பு ஒன்று, வீடுகளைப் போலவே திட்டமிட்டுக் கட்டப்பட வேண்டியிருக்கிறது.